போப்பாண்டவருக்கு எழுபது வருஷம், உனக்கு ஏழு நாள்

வீட்டையே வண்டிமேல ஏத்திக்கிட்டு அவிஞ்ஞோன் பாக்கப் போறியாமே மாப்ள. உங்கம்மா போன்ல சொன்னா. குரல்ல அப்படி ஒரு பெருமை. பாரிசுலேருந்து டிஜிவி ரயில்ல ஏறினா 2 மணி 40 நிமிஷத்துல கொண்டுபோய் எறக்கி விட்டுடுவான். நீ அதை விட்டுட்டு, கிட்டத்தட்ட 700 கிலோமீட்டரை உருட்டிக்கிட்டு, டோல்கேட் டோல்கேட்டா காசைக் கொட்டி, ராத்திரி எங்க ஒதுங்கறதுன்னு முழிச்சுக்கிட்டுப் போறேங்கறே. போ, நல்லா போ. தாய்மாமன் தடுத்தான்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. ஆனா பிரேஜூஸ் பட்டாளத்துல இருந்த காலத்துல லீவு கெடச்சா அந்த ஊருப் பக்கம் திரிஞ்சவன் நான். இன்னைக்கு பாகூர்ல ஈசிசேர்ல சாஞ்சுக்கிட்டு பிரான்சு பென்ஷன் வாங்கற சொல்தாவுக்குப் புத்தி சொல்ல உரிமை இருக்கு. கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம். பொறந்ததுலேருந்து நீ கேட்டதில்ல, இப்ப மட்டும் என்ன.

முதல்ல வண்டிக் கணக்கைப் பாப்போம். மூணரை டன்னுக்குள்ள இருந்தா சாதா கார் லைசென்ஸே போதும்னு வாடகைக்காரன் சொல்லியிருப்பான். நெஜந்தான். ஆனா அந்த மூணரை டன்னு வெறும் வண்டிக்கு இல்ல. தண்ணித் தொட்டியை நெறச்சா 100 கிலோ. காஸ் சிலிண்டர் ரெண்டு. பின்னாடி சைக்கிள். பொண்டாட்டி, புள்ளைங்க. அதுக்கு மேல உங்கம்மா. அவ தனியா வருவாளா? அரிசி, புளி, மொளகாத்தூள், கருவாட்டு டப்பா எல்லாத்தோடயும் வருவா. அத்தனையும் சேந்துதான் மூணரை டன். வழியில போலீசு எடை போட்டுப் பாத்தா, யாரை எறக்கி விடறதுன்னு நீதான் முடிவு பண்ணணும். அந்த நேரத்துல எனக்குப் போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன். ஒசரத்தையும் பாத்துக்க. 3 மீட்டரைத் தாண்டிட்டா டோல்கேட்ல லாரிக்காரனோட வகுப்புல சேத்துடுவான். கூரைமேல டிவிக் குடை வச்ச வண்டிதான் வேணும்னு உன் பையன் அடம் புடிப்பான். ரெண்டு தட்டு தட்டு.

அடுத்தது சட்டம். அந்த நாட்டுல உன் வண்டியும் ஒரு கார்தான். பலகை எதுவும் தடுக்கலேன்னா கார் நிக்கற எடத்துல அதுவும் நிக்கலாம், உள்ள படுத்துக் கொறட்டையும் விடலாம். ஆனா கதவைத் தொறந்து வெளிய ஒரே ஒரு நாற்காலியைப் போட்டேன்னு வை, பக்கவாட்டுச் சாய்ப்புத் துணியை இழுத்து விட்டேன்னு வை, அந்த நிமிஷமே நீ வண்டியை நிறுத்தினவன் இல்ல, கூடாரம் அடிச்சவன். அதுக்கு வேற எடம், வேற காசு. தெருவுல ஒரே எடத்துல 7 நாளுக்கு மேல அசையாம நின்னா தூக்கிட்டுப் போயிடுவான். மேயர் மனசு வச்சா அந்த 7 நாளையும் கொறைச்சுப்புடுவாரு.

இந்தச் சட்டம் 1309-ல இருந்திருந்தா, அவிஞ்ஞோன்ல பாக்கறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. அந்த வருஷந்தான் அஞ்சாம் கிளெமென்ட் போப்பாண்டவர் அங்க வந்து எறங்கினாரு. இத்தாலிப் பக்கம் ஓயாத சண்டை, பிரான்சு ராஜாவோட நெருக்கடி வேற. சரி, கொஞ்ச நாள் இங்க ஒதுங்கிட்டுப் போவோம்னு ஒரு சாமியார் மடத்துல விருந்தாளியாத் தங்கினாரு. அந்தக் கொஞ்ச நாளு 1377 வரைக்கும் இழுத்துச்சு. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா 7 போப்புங்க, ஏழு பேருமே பிரெஞ்சுக்காரங்க. கடைசியா பதினோராம் கிரகோரி மூட்டை முடிச்சைக் கட்டி ரோமாபுரி போய்ச் சேந்தாரே, விட்டுச்சா? அவரு செத்ததும் போட்டி போப்புங்க ரெண்டு பேரு, நாந்தான் நெசமான போப்புன்னு அவிஞ்ஞோன்லயே சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாங்க.

நிறுத்தின எடத்தையே வெலைக்கு வாங்கின கதை தெரியுமா? அந்த ஊரு நேப்பிள்ஸ் ராணி ஜோவன்னாவோடது. அவ புருஷனை 1345-ல கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டாங்க. பழி அவ தலைமேல. செத்தவனோட அண்ணன் படை தெரட்டிக்கிட்டு வர, இவ ஓடி வந்து நின்ன எடம் போப்பாண்டவர் வாசப்படி. 1348-ல ஆறாம் கிளெமென்ட் அவளைக் குத்தமில்லாதவன்னு விட்டாரு. அதே வருஷம் அவ அவிஞ்ஞோனை 80,000 பொற்காசுக்கு அவருக்கே எழுதிக் குடுத்தா. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டுன்னு நான் சொல்லல. எனக்கு எதுக்கு பாவம். வாங்கின ஊரைச் சபை 1791 வரைக்கும் கையை விட்டு விடல.

சிரிக்காதே மாப்ள. நம்ம புதுச்சேரியில 1674-ல வியாபாரக் கம்பெனியா வந்து எறங்கின பிரெஞ்சுக்காரங்க 1954 வரைக்கும் எடத்தைக் காலி பண்ணலியே. அந்தப் பழக்கத்துக்கு வாத்தியாரு யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா?

ஆனா நீ போப்பும் இல்ல, கம்பெனியும் இல்ல. அதனால ஒழுங்கா மதிலுக்கு வெளிய நில்லு. ஊரைச் சுத்தி 4 கிலோமீட்டருக்கு மேல 14-ஆம் நூற்றாண்டு மதில் அப்படியே நிக்குது. உள்ள இருக்கற சந்துங்க கழுதைக்கும் பல்லக்குக்கும் வெட்டினது. போன்ல வழி காட்டற பொம்பளை, உன் வண்டியை காருன்னு நெனச்சு, "அடுத்த சந்துல வலது பக்கம் திரும்பு"ன்னு பாசமாச் சொல்லுவா. திரும்பினே, அவ்வளவுதான். ஒரு பக்கம் சன்னல் கதவு, இன்னொரு பக்கம் காப்பிக் கடை மேசை, நடுவுல நீ. பின்னாடி ஹாரன் அடிக்கறவன் உன் மொத்தக் குடும்பத்தையும் வாழ்த்துவான். சரி, வெளிய இருக்கற கார் நிறுத்தத்துக்குப் போவோம்னு போனா, வாசல்ல குறுக்க ஒரு இரும்புக் குழாய் தொங்கும், 2 மீட்டர் ஒசரத்துல. அந்தக் குழாய்ல தலையை முட்டிக்கிட்ட வெள்ளை வண்டிங்களோட பெயின்ட்டு அதுலயே ஒட்டியிருக்கும். பாத்துத் திரும்பிடு.

நேரா ஆத்து நடுவுல இருக்கற பார்த்தலாஸ் தீவுக்குப் போ. ரோன் ஆத்துல பெரிய தீவு, தோட்டமும் பழ மரமுமா பச்சையாக் கெடக்கும். கேம்பிங் மைதானங்க அங்க இருக்கு. எதிர்க்கரையில மதிலு, அதுக்கு மேல அரண்மனை, அதுக்கும் மேல கோயில் கோபுரத்து உச்சியில பொன் பூசின மாதா. உள்ள ஓட்டல்ல காசு குடுத்துப் படுத்திருக்கறவன் பொழுது விடிஞ்சா எதிர் வீட்டுச் சொவரைப் பாப்பான். நீ மொத்த ஊரையும் பாப்பே. இந்த ஒரு விஷயத்துல உன் வண்டியை நான் மெச்சிக்கறேன். எழுதி வச்சுக்க, மறுபடி மெச்ச மாட்டேன்.

இப்ப வர்றது முக்கியமான பாடம். அம்மா வீட்டுல தின்ன தட்டைக்கூட எடுத்து வைக்காத ராசா நீ. இந்த வண்டியில கக்கூஸ் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, ஏறக்குறைய 20 லிட்டர். நாலஞ்சு பேரு போனா ரெண்டு நாளைக்குத் தாங்கினாலே பெரிசு. வண்டி வெளிப்பக்கத்துல சின்னக் கதவு, சாவி போட்டுத் தொறந்து பொட்டியை இழுத்து, கைப்புடியைப் புடிச்சு உருட்டிக்கிட்டே, எதிர்ல வர்றவனுக்கெல்லாம் "போன்ழூர்" சொல்லிக்கிட்டே, கொட்டற தொட்டிக்குப் போகணும். அங்க யாரும் உன் சட்டையைப் பாத்து மரியாதை குடுக்க மாட்டான். பெரிய டாக்டரும் நிப்பான், ரிட்டயர்டு நீதிபதியும் நிப்பான், எல்லார் கையிலயும் ஒரே பொட்டி. பொட்டியோட மூக்குக் குழாயைத் திருப்பி மூடியைக் கழட்டினியா, ஊத்தும்போது கைப்புடி பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும், அதைக் கட்டை விரலால அழுத்திக்கிட்டே ஊத்தணும். அது காத்து போற வழி. அழுத்தாம விட்டே, களக்கு களக்குன்னு உள்ள காத்தை இழுத்து, உன் குடும்பத்தோட சொத்தை உன் கால்மேலயே திருப்பிக் குடுத்துடும். கழுவறதுக்கு ஒரு கொழாய், குடி தண்ணிக்கு வேற கொழாய். எழுதியிருக்கறதைப் படி. பெட்டியைக் குடி தண்ணிக் கொழாய்ல கழுவினா அங்க கொலையே விழும், ஜோவன்னா ராணிக்குக் கெடச்ச மன்னிப்பு உனக்குக் கெடைக்காது.

அப்புறம் கரண்ட்டு. கேம்பிங்ல கரண்ட்டு கனெக்ஷன் குடுப்பான். பல எடத்துல 6 ஆம்பியர்தான் வரும், கொஞ்சம் தாராளமா இருந்தா 10. ஆறுன்னா மொத்தமே 1,400 வாட்டுக்குள்ள. உங்கம்மா ஒரு பக்கம் ரைஸ் குக்கரைப் போட்டு, உன் பொண்டாட்டி இன்னொரு பக்கம் தண்ணி கொதிக்க வச்சா, டொப்புனு போயிடும். அப்புறம் யாரு முதல்ல போட்டதுன்னு ரெண்டு பேருக்கும் நடக்கற வழக்குல நீ வாயைத் தொறக்காதே. போய்க் கம்பத்துப் பொட்டியில சுவிட்ச்சைத் தூக்கி விட்டுட்டு, ஆத்தைப் பாத்துக்கிட்டு நில்லு. கருவாட்டை வறுக்கறது வறுக்காதது உன் சாமர்த்தியம். காத்து பக்கத்து டச்சுக்காரன் பக்கம் அடிக்கற நேரம் வேணாம்.

தீவுலேருந்து ஊருக்கு இலவசப் படகு விடறான். நம்பு, இலவசந்தான். கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு மட்டும் போர்டைப் பாத்துட்டுப் போ. தவற விட்டா தலாதியே பாலம் வழியா நடை. நல்லதுதான், உன் தொப்பைக்கு.

ஊருக்குள்ள எல்லாரும் முதல்ல ஓடறது அந்தப் பழைய பாலத்துக்கு. பெனேசேன்னு ஒரு ஆடு மேய்க்கற பையன், பாலம் கட்டுன்னு வானத்துலேருந்து ஒரு குரல் கேட்டுச்சுன்னு வந்து நின்னானாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். யாராலயும் அசைக்க முடியாத கல்லை ஒத்தை ஆளாத் தூக்கிட்டுப் போய் ஆத்தங்கரையில வச்சானாம். கதை அப்படி. 1177-ல ஆரம்பிச்சு எட்டு வருஷத்துல கட்டினது. 22 வளைவு, ஏறக்குறைய 900 மீட்டர். வெள்ளம் வந்து வந்து இடிக்க, இவங்க கட்டிக் கட்டிப் பாத்து, 17-ஆம் நூற்றாண்டுல கைகழுவிட்டாங்க. இப்ப மிச்சம் 4 வளைவு. ஆத்துப் பாதியில மொட்டையா நிக்குது. அந்தக் கரைக்குப் போகாத பாலத்துல ஏறறதுக்கு டிக்கெட்டு! காசு குடுத்து, நடந்து, முனையில நின்னு போட்டோ எடுத்து, வந்த வழியே திரும்பணும். உலகத்துல எங்கயாவது உண்டா? பாலமா நின்ன காலத்துல அது இவ்வளவு சம்பாதிச்சிருக்காது. அதைக் கீழ தீவுப் பக்கம் நின்னு பாத்தா காசே கெடையாது. "அவிஞ்ஞோன் பாலத்து மேல ஆடுவோம்"னு சின்னப் பசங்க பாடற பிரெஞ்சுப் பாட்டுல வர்ற டான்சும் பாலத்து மேல இல்ல, அடியில தீவுலதான் ஆடியிருப்பாங்கன்னு சொல்றாங்க. மேல அகலம் அவ்வளவுதான், போய்ப் பாரு.

அரண்மனைக்கு டிக்கெட்டு வாங்கு, அங்க கஞ்சத்தனம் வேணாம். 1335-லேருந்து இருபது வருஷத்துக்குள்ள ரெண்டு போப்புங்க கட்டினது. பன்னிரண்டாம் பெனடிக்ட் சிக்கனக்காரரு, சாமியார் மடமாக் கட்டினாரு. பின்னாடி வந்த ஆறாம் கிளெமென்ட்டுக்கு அது பத்தல. அவரு பட்டம் சூட்டின விருந்துக்கு, 1342-ல, 118 மாடு, 1,023 ஆடு, 50,000 பலகாரம்னு கணக்கு எழுதி வச்சிருக்காங்க. சமையல்கட்டைக் கட்டாயம் பாரு. அறைக்கு நடுவுல அடுப்பு, கூரையே கூம்பா மேல ஏறி, புகைபோக்கியா முடியுது. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். உங்கம்மா அதைப் பாத்துட்டு உன் வண்டி அடுப்பைப் பத்தி ஏதாவது சொல்லுவா, காதுல வாங்காதே.

மத்த அறையெல்லாம் மொட்டை. நாற்காலி மேசை ஒண்ணு கெடையாது. அதனால கையில ஒரு டேப்லெட் குடுப்பான், அதைச் சொவத்துப் பக்கம் காட்டினா அந்தக் காலத்துச் சாமானெல்லாம் படத்துல தெரியும். உன் பையன் அதையே பாத்துக்கிட்டுப் படிக்கட்டுல தடுக்கி விழுவான், புடிச்சுக்க. எல்லாம் எங்க போச்சுன்னு கேக்காதே. புரட்சிக்குப் பின்னாடி அதைப் பட்டாளத்துக் கொட்டடி ஆக்கிட்டாங்க, 1906 வரைக்கும். சொவத்து ஓவியத்தைச் சொல்தாவுங்க கத்தியால பேத்து ஊர் பாக்க வந்தவனுக்கு வித்திருக்கானுங்க. எங்க இனத்தோட கைவரிசை. சம்பளம் பத்தலேன்னா அவன் வேற என்ன பண்ணுவான்?

தப்பிச்சதுல ஒண்ணு மான் அறை. கிளெமென்ட்டோட சொந்த அறை அது. போப்பாண்டவர் அறைன்னா சொவரெல்லாம் புனிதருங்க வரிசையா நிப்பாங்கன்னு நெனச்சியா? தேடித் தேடிப் பாத்தாலும் ஒருத்தர் கெடையாது. நாலு பக்கமும் காடு. சதுரமா ஒரு கொளம், அதைச் சுத்தி ஆளுங்க நின்னு வலை போட்டு, கொக்கி போட்டு மீன் புடிக்கறான். ஒருத்தன் முசல் வேட்டைக்குக் குட்டி மிருகத்தை விடறான், ஒருத்தன் கையில பருந்து. பழம் பறிக்க ஒருத்தன் மரத்துல தொத்தறான். சபை வேலை முடிஞ்சு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அந்த மனுசன் பாத்தது இதைத்தான். அந்த அறைக்குள்ள போனதும் எனக்கு அவர்மேல இருந்த கோவம் பாதி போயிடுச்சு.

1348-ல கொள்ளை நோய் வந்தப்ப வைத்தியர் பேச்சைக் கேட்டு ரெண்டு பக்கமும் பெரிய நெருப்பு போட்டு நடுவுல ஒக்காந்தே பொழச்சவரும் அவருதான். புதைக்க எடம் இல்லாமப் போக, ரோன் ஆத்தையே ஆசீர்வாதம் பண்ணிப் புனித மண்ணாக்கிட்டாரு, பொணத்தை அதுல விட்டாலும் மோட்சம்னு. சாயங்காலம் கரையோரம் நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கும்போது இந்தக் கதையை மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லிடாதே. பொழுது விடியறதுக்குள்ள வண்டியை எடுக்கச் சொல்லுவா.

அரண்மனை வாசல்லயே கூட்டம் மொய்க்கும். நீ அதை விட்டு சாயக்காரங்க தெருவுக்கு நட. ஒரு வாய்க்கால், மேல ப்ளாட்டான் மர நெழலு, பாசி புடிச்ச தண்ணிச் சக்கரங்க. இங்கதான் நம்ம ஊரு சமாச்சாரம் இருக்கு. நம்ம சோழமண்டலக் கரையிலேருந்து கப்பல்ல போன பூப்போட்ட பருத்தித் துணி மேல அந்த நாட்டுப் பொம்பளைங்க பைத்தியமா அலைஞ்சாங்க. பட்டு நெய்யறவனும் கம்பளி நெய்யறவனும் ஒப்பாரி வைக்க, 1686-ல ராஜா தடை போட்டாரு: வெளிநாட்டுலேருந்தும் வரக் கூடாது, உள்நாட்டுலயும் அச்சடிக்கக் கூடாது. ஆனா அவிஞ்ஞோன் போப்போட ஊராச்சே, ராஜா சட்டம் அங்க செல்லாது. ஆத்துக்கு இந்தக் கரையில அச்சடி, இருட்டினா அந்தக் கரைக்குக் கடத்து. ஜோரா நடந்துச்சு, 1734-ல ராஜா போப்பைச் சரிக்கட்டிச் சாத்தற வரைக்கும். தடையே 1759-ல போயிடுச்சு. அப்புறம் இந்தப் பக்கமெல்லாம் செவப்புச் சாயத்துக்கு மஞ்சிட்டி வகை வேரு போட்டாங்க. நம்ம தறிக்காரங்க சாயவேர் போட்ட வேலையை அது செஞ்சுது. அந்தச் செவப்புலதான் பிரெஞ்சுச் சிப்பாய்க்குக் கால்சட்டை. 1914-லயும் செவப்புக் கால்சட்டையோடயே போய் நின்னு, எதிரிக்குக் குறி வைக்க ஒத்தாசை பண்ணினாங்க. சிங்காரிச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போனா அப்படித்தான்.

ஜூலையில போறதா இருந்தா யோசி. 1947-ல ஜான் விலார் அரண்மனை முத்தத்துல ஆரம்பிச்ச நாடக விழா, இப்ப மாசம் பூரா ஊரே மேடை. தெருக்கம்பம் பூரா நோட்டீஸ் தொங்கும், நிக்க எடம் கெடைக்காது. உனக்கு நாடகம் பிடிக்கும்னா போ. உன் வீட்டுல நடக்கறதே போதும்னா செப்டம்பர்ல போ.

எப்பப் போனாலும் மிஸ்ட்ரால் இருக்கு. வடக்கேருந்து பள்ளத்தாக்கு வழியா வர்ற காத்து, 100 கிலோமீட்டர் வேகத்தைச் சர்வசாதாரணமாத் தொடும். வானம் பளிச்சுன்னு இருக்கும், ஒரு மேகம் இருக்காது, அதுதான் ஏமாத்தும். சாய்ப்புத் துணியை விரிச்சு வச்சுட்டு ஊர் சுத்தப் போனே, திரும்பி வந்து பாத்தா அது பக்கத்துத் தோட்டத்துல ஆப்பிள் மரத்துக்குக் குடை புடிச்சுக்கிட்டு இருக்கும். நெடுஞ்சாலையில ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கைப் புடி. லாரியைத் தாண்டற நொடியில வண்டி ஒரு ஆட்டம் ஆடும். அந்த நேரம் உங்கம்மா முருகான்னு கத்துவா, பயந்து ஒடிச்சுடாதே.

திரும்பும்போது ஷாத்தோநெஃப் து பாப் பக்கம் வா. வடக்க 20 கிலோமீட்டர்கூட இல்ல. போப்புங்களோட கோடை மாளிகை இருந்த ஊரு, இப்ப ஒயினுக்குப் பேர் போனது. அந்த ஊரு மேயர் 1954-ல ஒரு உத்தரவு போட்டாரு: பறக்கும் தட்டு எங்க ஊரு மேல பறக்கக் கூடாது, எறங்கக் கூடாது, மீறி எறங்கினா பறிமுதல். விளையாட்டு இல்ல, நெசமான உத்தரவு, இன்னும் எடுக்கல. வெளிக்கிரகத்துக்காரனுக்கே பார்க்கிங் குடுக்காத ஊருல உன் வண்டிக்கு எடம் கெடைக்கலேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. பிரான்ஸ் பாசியோன்னு ஒரு அமைப்புல சந்தா கட்டினா அதுல சேந்த திராட்சைத் தோட்டக்காரங்க ஒரு ராத்திரி இலவசமா நிறுத்த விடுவாங்க. ஒயின் வாங்கித்தான் ஆகணும்னு கட்டாயம் கெடையாது. வாங்காம வந்தா என் வீட்டு வாசப்படி மிதிக்காதே, அவ்வளவுதான்.

லேபிளைப் பாத்து மயங்காதே, பாட்டில் தோளைக் கட்டை விரலால தடவிப் பாரு. கண்ணாடியிலயே புடைப்பா போப்போட கிரீடமும் குறுக்க ரெண்டு சாவியும் தட்டுப்படணும். ரெண்டா எடு. உங்கம்மா கண்ணுல பட்டு என்னடா இதுன்னு கேட்டா, கக்கூஸ் பெட்டிக்கு ஊத்தற மருந்துன்னு சொல்லிடு. கிட்ட வர மாட்டா.